வட்டத்துக்கு வைத்த பெயர்

நம் அலுவலகச் சுவர்க் காலண்டரில் ஒவ்வொரு அமாவாசையும் சிவப்பு மையால் சுழித்திருப்பதைப் பற்றிப் போன வாரம் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார். பணி ஓய்வு பெற்ற பிறகும் மாதம் இரண்டு முறை வந்து உங்கள் மேசைகளை நோட்டம் விடுகிறேன் அல்லவா, அப்போது. "மேடம், சர்வேக்குக்கூட நல்ல நாள் பாத்துத்தான் போவீங்களா?" என்றார். பக்கத்தில் இருந்தவர் சிரிப்பை மறைக்க டீ டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனார். புள்ளியியல் படித்துவிட்டுப் பஞ்சாங்கம் பார்க்கிற கிழவி என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு உலவுவது எனக்குத் தெரியும். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், அதைவிடச் சீக்கிரம் போகும். வீட்டுக்குப் போய் யோசித்தபோது கேட்டவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்று தோன்றியது. அந்தச் சிவப்புச் சுழி எப்படி வந்தது என்று இங்கே யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. சொன்னால் என் மானம் போய்விடும் என்று பழைய ஆட்கள் எல்லோரும் அன்போடு மறைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்றவளுக்கு மானம் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை, அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் ஓர் அறக்கட்டளை நமக்கு ஓர் ஆய்வு வேலை கொடுத்தது. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்காக அவர்கள் நம் ஊரில் இரண்டு மாலை வகுப்புகள் நடத்திவந்தார்கள். ஒன்று சின்ன காஞ்சிபுரத்தில். இன்னொன்று ஊருக்கு மேற்கே ஒரு தெருவில். அந்தத் தெருவின் பெயரைச் சொல்ல மாட்டேன், அங்கே எனக்கு இன்னமும் காபி கிடைக்கிறது. இரண்டில் ஒன்றைத்தான் இனித் தொடர முடியும் என்று அறக்கட்டளை முடிவு செய்திருந்தது. பெற்றோருக்கு அக்கறை இருக்கிற இடத்தில் வகுப்பை வைத்தால், நாளைக்குத் தாங்கள் விலகினாலும் அவர்களே தாங்கிப் பிடித்துக்கொள்வார்கள் என்பது அவர்கள் எண்ணம். எந்தப் பக்கம் அக்கறை அதிகம் என்று கண்டுபிடித்துச் சொல்வது நம் வேலை.

மேற்குத் தெரு வகுப்பை நடத்தியவர் சரளா டீச்சர். பார்க்க ஒடிசலாக இருப்பார், குரல் மட்டும் தேர் இழுக்கிறவர்களை அதட்டுகிற குரல். முதல் நாள் நான் அங்கே போனபோதே நேராகச் சொல்லிவிட்டார்: "மேடம், இந்த கிளாஸ மூடிட்டீங்கன்னா இங்க இருக்கிற பொண்ணுங்கள்ல பாதி பேரு சாயங்காலம் தறியில போய் உக்காந்துடும். அப்பறம் எட்டாவதோட நின்னுடும். மிரட்டறேன்னு நினைக்காதீங்க, நடக்கப்போறத சொல்றேன்." நான் தலையாட்டினேன். ஆய்வாளர் பட்சபாதம் காட்டக்கூடாது என்று முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டேன். அந்த முகம் எப்படி இருக்கும் என்று நம் அலுவலகக் குமரேசனிடம் கேளுங்கள், நடித்தே காட்டுவார்.

சரி, அக்கறையை எப்படி அளப்பது? பட்டு என்றால் தராசில் போடலாம். அக்கறையைப் போட்டு நிறுக்கத் தராசு இல்லை. அதனால் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய சில கேள்விகளை எடுத்துக்கொள்கிறோம். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்குப் போனீர்களா, டீச்சரிடம் பேசினீர்களா, பிள்ளையின் மதிப்பெண் தெரியுமா, வீட்டுப்பாடம் செய்யும்போது கூட உட்காருவீர்களா. ஒரு வீட்டில் எல்லாவற்றுக்கும் "ஆமாம்", இன்னொரு வீட்டில் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று பதில்கள் சேர்ந்து சேர்ந்து வந்தால், அவற்றுக்குப் பின்னால் கண்ணில் படாத ஏதோ ஒன்று இருந்து எல்லாவற்றையும் ஆட்டுகிறது என்று கொள்கிறோம். அளந்ததைக் கட்டத்தில் எழுதுகிறோம், அளக்காததை வட்டத்தில். வட்டத்திலிருந்து கட்டங்களுக்கு அம்பு போடுகிறோம். பாதைப் பகுப்பாய்வு என்று பெரிய பெயர் வைத்திருந்தாலும் அடிப்படை இவ்வளவுதான், உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மென்பொருள் என்ன சொல்லும்? இந்தக் கட்டங்களுக்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று மட்டும் சொல்லும். அது என்ன என்று அதற்குத் தெரியாது. பெயர் வைப்பது நாம். நானோ கேள்வித்தாள் அச்சாவதற்கு முன்பே பெயர் வைத்துவிட்டேன்: பெற்றோர் அக்கறை.

களத்துக்கு இரண்டு குழுக்கள் போயின. சின்ன காஞ்சிபுரத்துக்குப் பர்வீன் தலைமையில் ஒன்று, மேற்கே குமரேசன் தலைமையில் ஒன்று. பர்வீன் வீட்டார் தலைமுறை தலைமுறையாக ஜரிகை வியாபாரம். இந்த ஊரில் எந்தத் தறி எந்த வீட்டில் எந்த மூலையில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சமயத்தில் அதை நான் ஒரு தகுதியாகவே எண்ணவில்லை. குமரேசன் புதிது, செங்கல்பட்டுப் பக்கத்துப் பையன், சொன்னால் சொன்ன நேரத்துக்கு நிற்பான். அவன் பத்தே நாளில் முடித்துவிட்டு வந்து டேப்லெட்டுகளைச் சார்ஜரில் போட்டான். பர்வீன் இழுத்துக்கொண்டே போனாள். ஒரு நாள் போவாள், நாலு நாள் போகமாட்டாள். கேட்டால், "இன்னிக்கி போனா வேலைக்கு ஆவாது மேடம்" என்பாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. எல்லார் எதிரிலும் வைத்து, "குமரேசனப் பாத்துக் கத்துக்க" என்று சொன்னேன். குமரேசன் காது நுனி வரை சிவந்துபோனான், பாவம்.

முடிவு அழகாக வந்தது. அவ்வளவு அழகாக எனக்கு எந்தப் படமும் வந்ததில்லை. கேள்விகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன, வட்டம் கம்பீரமாக நடுவில் உட்கார்ந்தது. சின்ன காஞ்சிபுரத்தில் அக்கறை நிறைய, மேற்குத் தெருவில் அக்கறை சொற்பம். ஒரே ஒரு முள் மட்டும் குத்தியது. மேற்குத் தெருப் பிள்ளைகள் வகுப்புக்கு ஒரு நாள் தவறாமல் வந்துகொண்டிருந்தார்கள். வருகைப் பதிவேட்டில் இரண்டு வகுப்புக்கும் வித்தியாசமே இல்லை. அக்கறையில்லாத வீட்டுப் பிள்ளைகள் எப்படித் தினமும் வருகிறார்கள்? நின்று யோசித்திருக்க வேண்டிய இடம் அது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பக்கத்தில் இன்னொரு வட்டம் போட்டு, "ஆசிரியரின் தனிப்பட்ட முயற்சி" என்று எழுதி, அதிலிருந்து ஓர் அம்பு இழுத்துவிட்டேன். படம் இன்னும் அழகாகிவிட்டது.

அறிக்கையின் வரைவு தயாரானது. வெள்ளிக்கிழமை கூட்டம். புதன்கிழமை மத்தியானம் பர்வீன் அதற்கு மேலட்டை போட்டுக்கொண்டிருந்தாள். போட்டுக்கொண்டே புரட்டினாள், புரட்டிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள்.

"மேடம், இந்த மேற்குத் தெரு ஜனங்களுக்குப் புள்ளைங்க மேல அக்கறை இல்லியா?"

"கம்மின்னு வருதும்மா. நான் சொல்லல, டேட்டா சொல்லுது."

"எங்கப்பா ஜரிகை குடுக்கற தெரு மேடம் அது. வாசல்ல நின்னோம்னா பொண்ணு மார்க்கு, பையன் ஃபீஸு, வாத்தியாரு அடிச்சது, எல்லாத்தையும் சொல்லாம விடமாட்டாங்க. ஒரு வூட்டுல எம்மா நேரம் பேசினாங்கன்னு பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு பேட்டியும் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்று டேப்லெட் தானாகவே குறித்து வைக்கும். பகுப்பாய்வுக்கு வேண்டாத விவரம் என்று அதை முதல் நாளே நான் நீக்கியிருந்தேன். மூலக் கோப்பைத் திறந்து பார்த்தோம். பர்வீன் குழுவின் பேட்டிகள் முக்கால் மணி, ஒரு மணி. குமரேசன் குழுவுடையவை பத்து நிமிடம், பன்னிரண்டு நிமிடம்.

"நீ எப்ப போன?" என்றேன்.

"அமாவாசையில மேடம். அப்பறம் பாவு நூல் தீந்துபோயி தறி சும்மா நிக்கிற வூடா பாத்து. வேற என்னிக்கி போனாலும் அவங்க தறியில உக்காந்துக்கினு இருப்பாங்களே."

அமாவாசையன்று இந்த ஊரில் நெசவாளர்கள் தறியில் உட்கார மாட்டார்கள். இது பர்வீன் கண்டுபிடித்த ரகசியம் ஒன்றும் இல்லை. காஞ்சிபுரத்தில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பள்ளிக்கூடம் போகும் வழியில் தெருவே சத்தமில்லாமல் இருந்தால், இன்றைக்கு அமாவாசை என்று வீட்டில் போய்ச் சொன்னவள் நான். தெரிந்த அத்தனையையும் அலுவலகப் படிக்கட்டில் செருப்போடு கழற்றி விட்டுவிட்டு மேலே ஏறியிருக்கிறேன்.

அன்றைக்கே சாயங்காலம் பர்வீனை அழைத்துக்கொண்டு மேற்குத் தெருவுக்குப் போனேன். பட்டியலில் முதலில் இருந்த வீடு மல்லிகா என்பவருடையது. எல்லாக் கேள்விக்கும் "இல்லை" சொன்ன வீடு. உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. கணவர் தறிக் குழியில் கால் வைத்து நெய்ய, மல்லிகா பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நூல் கோத்த நாடாவை எறிந்துகொண்டிருந்தார். புடவையின் உடம்பும் கரையும் வேறு நிறம் என்றால் இப்படி இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கை நின்றால் மற்றவர் கையும் நிற்கும். நடுவில் நிறுத்தி நிறுத்தி நெய்தால் நிறுத்திய இடம் துணியில் கோடாகத் தெரியும். தறிக்குப் பக்கத்தில் தரையில் அவர்கள் மகள் அறிவியல் புத்தகத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

நான் வாசலில் நின்று, அச்சடித்த கேள்வியை அப்படியே கேட்டேன். "பொண்ணு வீட்டுப்பாடம் செய்யும்போது நீங்க கூட உக்காருவீங்களா?"

"இல்லமா," என்றார் மல்லிகா, நாடாவிலிருந்து கண்ணை எடுக்காமல். அதே மூச்சில் மகளைப் பார்த்து, "ஏய், முன்ன படிச்சதயே திரும்பியும் படிக்கிற. பக்கத்த திருப்பு" என்றார்.

பர்வீன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அடுத்த கேள்வியைக் கேட்டேன். அதற்கும் "இல்லமா". "ஆமாம்" என்று சொன்னால் எப்போது, யாரோடு, என்ன பேசினீர்கள் என்று அதன் வாலில் ஐந்து கேள்விகள் தொங்கும். "இல்லை" என்றால் நேராக அடுத்ததற்குப் போய்விடலாம். அந்த வால்களைக் கட்டியவளும் நான்தான். முதல் கேள்வியிலேயே ஜனங்கள் இதைப் பிடித்துக்கொள்கிறார்கள், அவர்கள் என்ன முட்டாள்களா? ஆக, பதில்கள் எல்லாம் சேர்ந்து வந்ததற்குப் பின்னால் இருந்தது அவசரம். தறி ஓடுகிற வீட்டில் எல்லாமே "இல்லை", தறி நிற்கிற வீட்டில் எல்லாமே "ஆமாம்". அதற்குத்தான் நான் அக்கறை என்று பெயர் வைத்திருந்தேன்.

மறுநாள் காலையில் நம் அப்போதைய இயக்குநரிடம் போனேன். பெயர் சொன்னால் அவருக்குக் கூச்சமாக இருக்கும், விட்டுவிடுகிறேன். அதிகம் பேசாதவர், வெற்றிலை மெல்லுகிற நேரத்தில் யோசிக்கிறவர். நான் எல்லாவற்றையும் கொட்டி முடித்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"அவசரந்தான் காரணம்னு உங்களால நிரூபிக்க முடியுமா?"

"இப்ப முடியாது சார். ஒருவேளை அக்கறையும் கொஞ்சம் குறைவா இருக்கலாம். ரெண்டும் ஒண்ணா பின்னிக்கினு இருக்குது."

"அப்ப நாளைக்கு அதையே சொல்லிடுங்க. சொல்றது நீங்கதான். நான் பக்கத்துல உக்காந்துக்குறேன்."

அதற்குப் பிறகு எத்தனையோ பேர் எனக்கு எவ்வளவோ உதவி செய்திருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொன்ன அந்த மனிதரைப் போல ஒருவரையும் எனக்கு அவ்வளவு பிடித்ததில்லை.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அறக்கட்டளையிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். தலைமை தாங்கிய அம்மையார் சென்னையிலிருந்து காலையிலேயே கிளம்பி வந்தவர், களைப்பாக இருந்தார். நான் வட்டம் போட்ட படத்தைத் திரையில் காட்டி, "இந்தப் பெயர் தப்பு" என்றேன்.

"அப்ப அந்த வட்டத்துக்குள்ள என்னதான் இருக்கு?"

"தெரியலைங்க."

"உங்களைக் கூப்பிட்டதே அதைத் தெரிஞ்சுக்கத்தானே?"

"ஆமாங்க. அடுத்த அமாவாசை வரைக்கும் டைம் குடுத்தீங்கன்னா சொல்லிடுவேன்."

ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அமாவாசைக்கும் ஆய்வுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. இயக்குநர் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் எழுந்தும் போகவில்லை. கடைசியில் அந்த அம்மையார், "இதை முதல்லயே யோசிச்சிருக்கலாம் இல்லையா?" என்றார். இருக்கலாம் என்றேன். வேறு என்ன சொல்வது? விருப்பமில்லாமல்தான் அவகாசம் கொடுத்தார்கள்.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் தவிக்க வேண்டாம். அமாவாசையன்று மேற்குத் தெருவுக்குத் திரும்பப் போனோம், குமரேசன் உட்பட எல்லோரும். அதேபோல வேறொரு நாள் தறி ஓடுகிற நேரமாகப் பார்த்துச் சின்ன காஞ்சிபுரத்தில் சில வீடுகளுக்கும் போனோம், அங்கேயும் ஜனங்கள் "இல்லமா, இல்லமா" என்று எங்களைத் துரத்தினார்கள். இரண்டு இடத்துக்கும் நடுவில் நான் கண்டுபிடித்திருந்த அந்தப் பெரிய வித்தியாசம் கரைந்துபோனது. ஒன்றை விட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க எங்களிடம் ஆதாரம் இல்லை என்று எழுதிக் கொடுத்தோம். அறக்கட்டளைக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் இரண்டு வகுப்பையும் வாரத்துக்கு மூன்று மூன்று நாளாகப் பிரித்து நடத்தினார்கள். அதன் பிறகு நமக்கு அவர்கள் வேலை எதுவும் கொடுக்கவில்லை. சரளா டீச்சர் மூன்று நாளில் ஆறு நாள் பாடத்தை நடத்தினார், அந்தக் குரல் எதற்கு இருக்கிறது? குமரேசன் அடுத்த வருடக் காலண்டர் வந்ததும் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு நாற்காலி மேல் ஏறினான். இப்போது உங்களையெல்லாம் விரட்டுகிற குழுத் தலைவர் குமரேசன் அவன்தான். அந்தப் பத்து நாள் வேகத்தைச் சொல்லி அவரைச் சீண்டாதீர்கள், அவரை விரட்டியவள் நான். பர்வீனிடம் அதே எல்லார் எதிரிலும் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மேடம், அடுத்த வாட்டி நான் வேலைக்கு ஆவாதுன்னு சொன்னா ஏன்னு கேளுங்க" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. நீங்கள் இனி எத்தனையோ வட்டம் போடுவீர்கள். மனவுறுதி என்பீர்கள், சமூக மூலதனம் என்பீர்கள், பிற்போக்கு மனப்பான்மை என்பீர்கள். படத்துக்கும் பதில்களுக்கும் பொருத்தம் நன்றாக வந்திருக்கிறது என்று மென்பொருள் உங்கள் முதுகில் தட்டிக் கொடுக்கும். அதை நம்பிவிடாதீர்கள். வட்டத்துக்குள் எழுதிய சொல்லை அந்த வீட்டு வாசலில் நின்று, அந்த மனிதர் முகத்தைப் பார்த்து உங்களால் சொல்ல முடியுமா என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்டுக்கொள்ளவில்லை. அதனால் உண்மையிலேயே போய்ச் சொல்ல வேண்டி வந்தது.

அந்த அமாவாசையன்று மல்லிகா வீட்டில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். தறி மேல் ஒரு பழைய வேட்டி போர்த்திக் கிடந்தது. பெண்ணின் கணக்கு மதிப்பெண், சரளா டீச்சரோடு இரண்டு முறை போட்ட சண்டை, பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது கட்டிக்கொள்ளவென்று தனியாக மடித்து வைத்திருக்கும் புடவை, எல்லாம் வந்தது. பர்வீனால் எழுதி முடியவில்லை. நாங்கள் கிளம்பும்போது மல்லிகா சும்மா கேட்பதுபோல் கேட்டார்.

"ஆமா, அன்னிக்கு நான் எல்லாத்துக்கும் இல்ல இல்லன்னு சொன்னனே, அத வச்சி இன்னான்னு எழுதினீங்க?"

பொதுவாக எழுதினோம் அம்மா என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பர்வீன் என்னைப் பார்த்தாள்.

"புள்ளைங்க மேல அக்கறை கம்மின்னு எழுதினேன்மா," என்றேன்.

மூலையில் படித்துக்கொண்டிருந்த பெண் படிப்பதை நிறுத்தினாள். மல்லிகா தறி மேல் இருந்த வேட்டியை இழுத்துச் சரி செய்தார். சரியாகத்தான் இருந்தது, இருந்தும் இன்னொரு முறை இழுத்தார்.

"என்னியா?"

"உங்க தெருவையே. தப்பு என்னுதுதான். மன்னிச்சிடுங்க."

அவர் கண் கலங்கியதா என்று எனக்குத் தெரியாது, நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்குக் கலங்கியது.

"அழிச்சிட்டியாமா?" என்றார்.

"அழிச்சிட்டேன்."

"நல்லா பாத்து அழிச்சியா? கம்ப்யூட்டர்ல எங்கனா ஒட்டிக்கினு இருக்கப்போவுது." சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். பால் பாத்திரம் அடுப்பில் ஏறுகிற சத்தம் கேட்டது. "உக்காருங்க, காபி குடிச்சிட்டுப் போவலாம்."

குடித்துவிட்டு நேராக அலுவலகத்துக்கு வந்து, பர்வீனும் நானும் எல்லாக் கணினிகளிலும் தேடினோம். மூன்று கோப்புகளில் ஒட்டிக்கொண்டிருந்தது.